அம்மா நடக்காமல் விட்ட தெரு

லைப்சிக் நகரத்தில் குடியேறிய முதல் குளிர்காலத்தில் வெந்நீர் வைக்க ஒரு மின்கெண்டி வாங்கப் போனேன். விமானக் கொட்டகை மாதிரிப் பெரிய கடை. கெண்டிகள் மட்டுமே ஒரு சுவர் நீளத்துக்கு நின்றன. சிவப்புச் சட்டை போட்ட பணியாளரைப் பிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் நெருங்க நெருங்க அவர் அலமாரிகளுக்கிடையே மீனாக நழுவிக்கொண்டிருந்தார். ஒருவழியாகப் பிடித்து, கெண்டி ஒன்றைக் கையில் எடுத்து, திருச்சிக்காரன் எந்தக் கடையிலும் கேட்கிற முதல் கேள்வியை எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் கேட்டேன்: "இது நல்லா இருக்குமா?" அவர் என்னைப் பார்த்தார், கெண்டியைப் பார்த்தார், பெட்டியைத் திருப்பி அதில் அச்சடித்திருந்ததை மேலிருந்து கீழ்வரை வாசித்துக் காட்டினார். எத்தனை வாட், எத்தனை லிட்டர், வயர் எத்தனை நீளம். "அதில்லை, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றேன். "நானா?" சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டதுபோல் அவர் முகம் சுருங்கியது. "நான் வீட்டில் அடுப்பில்தான் தண்ணீர் சுடவைப்பேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி அலமாரிகளுக்குள் நீந்திப் போனார்.

அவர் மேல் தப்பில்லை. என் கேள்விதான் விசா இல்லாமல் அந்த நாட்டுக்குள் நுழைந்துவிட்டது. நல்லா இருக்குமா என்று கடைக்காரரிடம் கேட்கும்போது நாம் உண்மையில் கேட்பது, நாளைக்கு இது ஓடாமல் நின்றால் உன் முகத்தை நான் வந்து பார்க்கலாமா என்பது. பார்க்கலாம் என்கிறவர் தலையை ஆட்டுவார். பார்க்க வேண்டாம் என்றால், "அது வேண்டாங்க, இதை எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கையிலிருப்பதைப் பிடுங்கி வைத்துவிடுவார். அந்தப் பெரிய கடையில் பார்ப்பதற்கு முகமே இல்லை. பெட்டிக்குத்தான் எழுத்து இருந்தது.

முகம் இருக்கிற கடை லைப்சிக்கிலும் உண்டு என்று பிறகு கண்டுபிடித்தேன். எங்கள் டிராம் நிறுத்தத்துக்குப் பின்னால் ஃப்ராவ் லிண்ட்னர் என்ற அம்மாள் விளக்குக் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் மேசை விளக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு, வாங்காமல் கிளம்பும்போது வாய்ப் பழக்கமாக "இஷ் கோம வீடர்" என்று சொல்லிவிட்டேன். திரும்ப வருகிறேன் என்று அர்த்தம். நம் ஊரில் கடையை விட்டு இறங்கும்போது வரேங்க என்று சொல்வோமே, அதுதான். மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அவர் வாசலுக்கே வந்து நிறுத்தினார். "நீங்கள் வருகிறேன் என்றீர்கள். விளக்கை எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு பேர் கேட்டும் கொடுக்கவில்லை." எனக்குக் கூச்சமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. நான் வருவேன் என்று அந்த ஊரில் நம்பிய முதல் மனுஷி அவர். விளக்கை வாங்கிக்கொண்டு வந்தேன். வெளிச்சம் போதாது. இன்னமும் அதில்தான் எழுதுகிறேன்.

இதையெல்லாம் இப்போது கிளறிவிட்டது ஒரு ஃப்ரிட்ஜ். ஸ்ரீரங்கத்தில் கீழ அடையவளஞ்சான் வீதியில், கீழ் போர்ஷனில், அம்மா தனியாக இருக்கிறாள். எழுபத்து நான்கு வயது, ரிட்டயர்டு கணக்கு டீச்சர், சர்க்கரைக்கு இன்சுலின், இரண்டு முழங்காலிலும் வலி. போன செப்டம்பரில் வீட்டிலிருந்த பழைய ஃப்ரிட்ஜ் உயிரை விட்டது. "நாளைக்கு சவரி கடைக்குப் போய் ஒண்ணு சொல்லிட்டு வரேன்" என்றாள் போனில். சவரிமுத்து அண்ணன் கடை கீழச் சித்திரை வீதிப் பக்கம், அம்மா தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. எங்கள் வீட்டு மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டர், அப்பா கடைசி வரை கேட்ட ரேடியோ எல்லாம் அங்கே வாங்கியவை. நான் அம்மாவை வெயிலில் அலைய வேண்டாம் என்றேன். டிராமில் உட்கார்ந்தபடியே, திருச்சியில் நாலு மாடிக் கண்ணாடிக் கட்டடம் வைத்திருக்கும் ஊருக்கு ஊர் கிளை விட்ட ஒரு பெரிய கடையின் பக்கத்தைப் போனில் திறந்து, விரலால் ஐந்து தட்டு தட்டினேன். இரட்டைக் கதவு, வெள்ளை நிறம், மூன்றாம் நாள் வீட்டு வாசலில். பிள்ளையின் கடமையை இரண்டு நிறுத்தங்களுக்கிடையில் முடித்துவிட்ட திருப்தியோடு இறங்கி நடந்தேன்.

இந்த ஏப்ரலில் பன்னிரண்டு நாள் விடுமுறையில் வீட்டுக்கு வந்தேன். வந்த களைப்பில் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால், உள்ளே இருட்டு. தண்ணீர் பாட்டில் இருக்க வேண்டிய தட்டில் துவரம்பருப்பு டப்பா. முட்டைக் குழிகளில் தீப்பெட்டிகள். காய்கறி அறையில் அப்பளம், வடாம், பழைய விடைத்தாள் கட்டு ஒன்று.

"என்னம்மா இது?"

"நல்ல அலமாரிப்பா. எறும்பு வராது, கரப்பான் வராது."

"ஓடலையா?"

"மாசியிலேருந்து ஓடல."

"இன்சுலின்?"

"மாடி வீட்டு ஃப்ரிட்ஜுல இருக்கு. கேட்டா குடுக்கறாங்க, பாவம்."

மாடிக்கு இருபத்திரண்டு படி. காலையில் ஒரு தரம், ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒரு தரம். எடுக்கப் போகும்போதும் ஏறுவாள், திரும்ப வைக்கவும் ஏறுவாள். வெளியில் வைத்தால் இந்த வெயிலில் மருந்து கெட்டுவிடும் என்று பயம். அந்த முழங்கால்களோடு என்று நான் சத்தம் போட்டபோது, "உனக்குச் சொல்லி நீ அங்கேருந்து என்ன பண்ணுவே?" என்றாள்.

கம்ப்ளெயின்ட் கொடுக்காமல் இல்லை. மூன்று முறை கொடுத்திருக்கிறாள். மூன்று முறையும் ஒரு சர்வீஸ்காரர் வந்திருக்கிறார். கதவைத் திறந்து, பின்பக்கம் குனிந்து, போட்டோ எடுத்துக்கொண்டு, போர்டு போயிருக்கு, வரவழைக்கணும் என்றிருக்கிறார். போகும்போது, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும்மா, அதைச் சொல்லுங்க என்று கேட்டிருக்கிறார். அம்மாவும் சொல்லியிருக்கிறாள். கடையின் வாடிக்கையாளர் சேவைக்கு நான் போன் செய்தபோதுதான் அந்த நம்பர் என்னவென்று புரிந்தது. பதினெட்டு நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் குரல் வந்தது. "சார், உங்க மூணு கம்ப்ளெயின்ட்டும் சிஸ்டத்துல ரிசால்வ்டுன்னு காட்டுது சார். கஸ்டமர் ஓடிபி குடுத்து க்ளோஸ் பண்ணிருக்காங்க. அஞ்சு ஸ்டார் வேற போட்டிருக்காங்க சார்." வேலை முடிந்தது, மகிழ்ச்சி என்று கஸ்டமர் ஒப்புக்கொள்வதற்கான எண் அது.

"ஏம்மா குடுத்தே?"

"வந்தான் இல்ல? வந்தவனுக்கு நான் எப்படி ஆப்சென்ட் போடுவேன்?"

அம்மா அதை வருகைப் பதிவேடு என்று நினைத்துவிட்டாள். முப்பத்தாறு வருஷம் தினமும் காலையில் பேர் கூப்பிட்டவள். உச்சி வெயிலில் ஹெல்மெட்டுக்குள் தலை நனைந்து வந்து நின்ற ஒரு மனிதரிடம், நீ வரவில்லை என்று சாதிக்க அவளால் முடியவில்லை. மோர் கொடுத்து, எண்ணையும் கொடுத்து, மூன்று முறை வகுப்பிலேயே முதல் மார்க்கும் போட்டிருக்கிறாள். "ஸ்டார்?" என்றேன். "பெயிலாப் போட்டா வேலை போயிடுமாம்ப்பா. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க அந்தத் தம்பிக்கு" என்றாள். கோபிக்கவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் பருப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் அவளோடு கோயிலுக்குக் கிளம்பினேன். வாசலில் இறங்கியதும் அவள் சித்திரை வீதிப் பக்கம் திரும்பாமல் வடக்கு நோக்கி நடந்தாள். "எங்கம்மா இப்படிச் சுத்திக்கிட்டு?" "இந்தப் பக்கம்தான் நெழல்." ஐந்தரை மணிக்கு ஸ்ரீரங்கத்தின் எல்லா வீதியிலும் நிழல்தான். வலிக்கிற காலை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்று, மூன்று மடங்கு தூரம் சுற்றி வெள்ளைக் கோபுரத்துக்கு வந்து சேர்ந்தாள். கேட்காமலே தெரிந்துவிட்டது. செப்டம்பரிலிருந்து அம்மா சவரிமுத்து அண்ணன் கடையைத் தாண்டி நடக்கவில்லை. என்னுடைய ஐந்து தட்டு, அவளுடைய தெருவை அவளிடமிருந்து எடுத்துவிட்டது.

முகமுள்ள கடைகளுக்கு இப்படி ஒரு வலி இருக்கிறது. இதை மறைத்து எழுதினால் நான் பொய்யன். லைப்சிக்கில் என் மணவாழ்வு முறிந்த வருஷம், அந்தக் கொட்டகைக் கடைகள்தான் எனக்கு மருந்து. அரிசியும் உருளைக்கிழங்கும் ஒற்றை ஆளுக்கு வாங்குவதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. "வீட்டுல எங்க, இப்பல்லாம் தனியாவே வரீங்க?" என்று எந்தக் கல்லாவிலிருந்தும் ஒரு குரல் வரவில்லை. நெடிய வெள்ளை விளக்குகளின் கீழ், யாருக்கும் தெரியாதவனாக, தயிர் அலமாரி முன்னால் நின்று ஒருமுறை அழுதேன். பக்கத்திலிருந்தவர் என்னைத் தாண்டிக் கையை நீட்டித் தனக்கு வேண்டிய தயிரை எடுத்துக்கொண்டு போனார். அந்த அலட்சியத்துக்கு இன்னும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அம்மாவுக்கு எழுபத்து நாலு வயதில் வேண்டியிருந்தது அலட்சியமில்லை. அவள் இன்றைக்கு வந்தாளா என்று பார்க்கிற கண்கள். அவற்றைத்தான் நான் ஒளிய வேண்டிய கண்களாக மாற்றிவிட்டேன்.

மறுநாள் அந்தக் கண்ணாடிக் கட்டடக் கடைக்கே நேரில் போனேன். ஃப்ரிட்ஜ் மாடியில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சட்டை, ஒவ்வொரு சட்டைக்கும் ஒருவர். உள்ளே நுழையும்போது நான்கு பேர் வாங்க சார் என்றார்கள். வாங்கியதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் நான்கு பேரும் ஒரே திசையில் கையைக் காட்டினார்கள். அங்கே மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து எங்கள் ஃப்ரிட்ஜ் கம்பெனியின் சட்டை போட்ட ஒரு பெண் அருகில் வந்தாள். பச்சைமலைப் பக்கத்து ஊர் என்று பேச்சில் சொன்னாள். காலையிலிருந்து நின்ற கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "சார், இங்க உக்காந்தா ஒண்ணும் ஆகாது. வித்ததோட எங்க வேலை முடிஞ்சிருது. கோச்சுக்காதீங்க. உங்க ஏரியாவுல தெரிஞ்ச கடைக்காரர் யாராச்சும் இருந்தா அவரைப் பிடிங்க. எங்க வீட்டுக்கே நான் அப்படித்தான்." நல்லா இருக்குமா என்ற என் கேள்விக்கு அந்த நாலு மாடியில் கிடைத்த நேர்மையான பதில் அதுதான்.

நேராகச் சவரிமுத்து அண்ணன் கடைக்குப் போனேன். அறுபது வயதிருக்கும். கல்லாவுக்கு மேலே சிறிய மாதா படம், அதன் கீழே ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க ஜெர்மனி! வழி தெரிஞ்சுதா?"

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்ன. டீச்சரைத்தான் ஏழு மாசமாக் காணோம். எங்க வீதியில ரோடு கீடு சரியில்லையோ?"

"அண்ணே, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"தெரியும். வெள்ளைக் கலரு, டபுள் டோரு." திருப்புளியைக் கீழே வைத்தார். "வேன்காரன் நாலு தடவை இதே வீதியைச் சுத்திட்டான் தம்பி. எங்க திரும்பினாலும் கோபுரம் வருதுண்ணேன்னு அழாத குறை. நான்தான் ஏறி உக்காந்து உங்க வீட்டுல கொண்டுபோய் விட்டேன்."

நான் டிராமிலிருந்து அனுப்பிய பரிசுக்கு இவர்தான் வழி காட்டியிருக்கிறார்.

"டீச்சர் கதவைத் திறந்தாங்க. ஃப்ரிட்ஜைப் பாத்தாங்க, பின்னாடி என்னையும் பாத்தாங்க. மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் பேசாம வந்துட்டேன். அதுலேருந்து ஆளைக் காணோம்." திருப்புளியை மறுபடி கையில் எடுத்தார். "வழி தெரியாதவனுக்கு வழி சொல்லத்தான் தம்பி போனேன். குத்திக் காட்ட வந்தேன்னு நெனச்சுட்டாங்களோ என்னமோ. போயிருக்கக் கூடாதோன்னு எனக்கும் ஒரு இது."

"வந்து பாருங்கண்ணே. ஓடல."

"வரேன். ஆனா நீங்க கூப்பிட்டு வர மாட்டேன். டீச்சர் கூப்பிடட்டும். இல்லேன்னா நாளைக்கு நீங்க ஏரோப்ளேன் ஏறினதும் அவங்க மறுபடி வடக்கால சுத்திக்கிட்டுத்தான் போவாங்க."

சுற்றிப் போவதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். முடியாது என்றாள். என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது என்றாள். அவன் கடையில் வாங்காததை அவனையே வந்து பார் என்று சொல்ல வாய் வருமா என்றாள். நான் செய்ததுதானே, நீ செய்ததில்லையே என்றதற்கு, "நீ யாரு, பக்கத்து வீடா?" என்றாள். அன்று ராத்திரி இருபத்திரண்டு படியையும் அவளுக்குப் பதிலாக நானே ஏறி இறங்கினேன். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்த்தால், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கட்டுகிற கஞ்சி போட்ட காட்டன் சேலையில் தயாராக நிற்கிறாள். "வா" என்றாள். வாசலில் இறங்கி, வடக்கே திரும்பாமல், நேராக நடந்தாள்.

கடை வாசலில் அவள் நின்றாள். அவர் எழுந்தார்.

"சவரி, ஃப்ரிட்ஜ் ஓடல."

"தெரியும் டீச்சர்."

"அது உன் கடையில வாங்கினது இல்ல."

"அதுவும் தெரியும் டீச்சர்."

"அப்புறம் என்ன நிக்கற? கிளம்பு."

அவர் கடகடவென்று சிரித்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டார். "ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க. ஏழு மாசம் சுத்தின கால்." அம்மா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றித் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தாள். வெகுநேரம் துடைத்தாள். நான் தெருவைப் பார்த்துக்கொண்டேன்.

வந்து பார்த்தவர், போர்டு அந்தக் கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும், என்னால் ஆகாது என்றார். சினிமாவில் என்றால் அவர் ஒரே தட்டில் அதை ஓடவைத்திருப்பார். "நானா இருந்தா இந்த மாடலைக் குடுத்திருக்க மாட்டேன் டீச்சர். உங்க சமையக்கட்டு மேக்குச் சுவரு மத்தியானமெல்லாம் தோசைக்கல்லு. அதை ஒட்டி வெச்சிருக்கான். கரண்டு வேற உங்க வீட்டுல ஏறி ஏறி இறங்கும்" என்றார். பிறகு, கடையில் தன் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் வைத்திருந்த சின்ன ஃப்ரிட்ஜைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். அதில் மீன்குழம்பு வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது. சைவக்காரியான அம்மா ஒரு கணம் மூக்கைச் சுளித்தாள். அப்புறம் எலுமிச்சம்பழத்தை நறுக்கி உள்ளே தேய்த்துவிட்டு, இன்சுலினை அதில் வைத்தாள்.

நான்காவது கம்ப்ளெயின்ட்டுக்கு அதே சர்வீஸ்காரர் வந்தார். இந்தத் தடவை சவரிமுத்து அண்ணன் கூடத்தில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். சர்வீஸ்காரர் போட்டோ எடுத்தார், நம்பர் கேட்டார்.

"ஐஸ் கட்டினதும் நம்பர்" என்றார் அண்ணன்.

"அண்ணே, இன்னைக்கு இன்னும் பதினோரு வீடுண்ணே, சமயபுரம் வரைக்கும். க்ளோஸ் ஆகலேன்னா என் மேலதான் விழும்."

"தெரியும்ப்பா. அதனால உன்னைத் திட்டல. போர்டு இல்லாம அனுப்பறாங்களே, அவங்களுக்குத்தான் இது. கஸ்டமர் நம்பர் தர மாட்டேங்கறாங்கன்னு போட்டு அனுப்பு."

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "வந்திருக்கான்னு மட்டும் எப்படியாவது போட முடியாதா சவரி?" என்றாள். மூன்று பேரும் சிரித்துவிட்டோம், அந்தச் சர்வீஸ்காரர் உட்பட. மோர் குடித்துவிட்டுப் போனவர் மூன்றாம் நாள் போர்டோடு வந்தார். ஃப்ரிட்ஜை நகர்த்தி, சுவரிலிருந்து தள்ளி வைத்து, ஸ்டெபிலைசர் மாட்டியது அண்ணன். தட்டில் ஐஸ் கட்டியதை விரலால் தட்டிப் பார்த்த பிறகு, அம்மா ஒவ்வோர் எண்ணாக, டிக்டேஷன் போடுவதுபோல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்கு மறுநாள் விமானம்.

இப்போது மே மாதம். ஒரு மதியம், சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகத்துக்கு வெளியே நின்றிருந்தபோது போனில் சவரிமுத்து அண்ணன் வீடியோவில் வந்தார். அங்கே சாயங்காலம் ஐந்து. "ஒண்ணுமில்ல தம்பி, சும்மாதான். இங்க பாருங்க" என்று போனைத் தெருவுக்குத் திருப்பினார். அம்மா வந்துகொண்டிருந்தாள். கையில் துளசி. காலைச் சாய்த்துச் சாய்த்து, வீதியின் நடுவிலேயே, தன் வகுப்புக்குள் நடப்பதுபோல் வந்தாள். போனைப் பார்த்ததும், "யாரு, இவனா? வேலை நேரத்துல என்னடா போன்?" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளுக்குப் பின்னால் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது. எனக்குப் பின்னால் ஒரு சைக்கிள் மணி அடித்தது. சைக்கிளுக்கென்று விட்ட பாதையில் நான் நின்றிருந்திருக்கிறேன். சட்டென்று ஓர் அடி நகர்ந்தேன். அங்கே அம்மாவும் ஓரமாக நகர்ந்தாள், அண்ணனின் கையும் நகர்ந்தது. ஆட்டோ போயிற்று, சைக்கிளும் போயிற்று. எந்தத் தெருவின் சத்தத்துக்கு நான் வழி விட்டேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.